எட்டாந்தேதித் தாள்

மூன்றாவது லைனில் பன்னிரண்டு பெண்கள் தைத்தார்கள். மணிக்கு முப்பத்தெட்டுத் தோல். பன்னிரண்டு பேருக்கும் அதே முப்பத்தெட்டுதான்.

ஜெயங்கொண்டத்துக்கு வெளியே இருந்த அந்த ஷூ கம்பெனியில் ஒவ்வொரு தையல் மெஷினுக்கு மேலும் கையகலத் திரையுள்ள டேப் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். தைத்துத் தட்டில் வைத்த ஒவ்வொரு தோலுக்கும் அதில் ஒரு எண் ஏறும். யார் எத்தனை தைத்தார்கள் என்று உற்பத்தி மேலாளர் குருமூர்த்தி தன் அறையில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். முதல் மாதம் மூன்றாவது லைனைப் பார்த்து அவர் பாராட்டினார். இரண்டாவது மாதம் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நேரே வந்து சூப்பர்வைசர் ஜெயசித்ராவிடம் கேட்டார்.

"பன்னண்டு பேரு கையும் ஒரே மாதிரி ஓடுமாம்மா?"

"ஓடாது சார்."

"அப்ப இதுல யாரோ கை வைக்கிறாங்க."

"வைக்கிறாங்க சார். யாரு, ஏன்னு பாத்துச் சொல்றேன்."

பக்கத்து மெஷினில் இருந்த வேணி இதைக் கேட்டதும் தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டாள். கை வைத்தது அவள்தான். இரண்டு வருஷமாக, லைனின் முதல் மெஷினில் இருந்த சின்னம்மாளின் தட்டிலிருந்து மணிக்குப் பத்துப் பன்னிரண்டு தோல்களை எடுத்து, தைத்து, திரும்ப அங்கேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

குருமூர்த்தி எல்லாருக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

"புதுக் கட்டடத்துல இந்த மாசக் கடைசியில லைன் ஆரம்பிக்குது. ஆண்டிமடம் பக்கத்துலேருந்து நாப்பது பொண்ணுங்க வராங்க. அவங்களுக்குச் சொல்லிக் குடுக்க இங்கேருந்து ஒரு ஆளை எடுப்போம். இருபத்திமூணாந்தேதி எல்லாருக்கும் டெஸ்ட். ஒரு மணி நேரம், தனித்தனியா, நான் பக்கத்துல நிப்பேன். முப்பதுக்குக் கீழ வந்தவங்களுக்கு வேலை நீட்டிப்பு கிடையாது."

அவர் போனதும் சின்னம்மாள் வேணியைத் திரும்பிப் பார்த்தாள். இருபத்தைந்தைத் தாண்டாத கை தன்னுடையது என்று அவளுக்குத் தெரியும்.

டீ நேரத்தில் ஜெயசித்ரா வேணியைக் கேண்டீன் மூலைக்குக் கூட்டிப்போனாள்.

"உக்காரு. வடை வேணுமா?"

"வேணாம் மேடம்."

"மேடம்னா வடை கெடையாது."

"வேணாங்கக்கா."

"நேத்து ஒரு மணி நேரம் உன் பின்னால நின்னேன். அம்பத்தொண்ணு தச்சே. உன் டேப்புல முப்பத்தெட்டுதான் இருந்துச்சு. மிச்சம் பதிமூணு எங்க போச்சு?"

வேணி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்னம்மாக்கா தட்டுக்குப் போச்சு. நான் திட்டுறதுக்குக் கேக்கலை. ஏன்னு தெரிஞ்சுக்கக் கேக்குறேன்."

"எல்லாரும்தாங்கக்கா பண்றோம். எங்க தா.பழூர்ல நடவுல அப்படித்தான். பின்னால நகந்துகிட்டே நடுவோம். ஒருத்திக்குக் கை ஓடலைன்னா ரெண்டு பக்கத்துல இருக்குறவங்களும் அகட்டிப் போட்டு அவ பங்கையும் சேத்து நட்டுடணும். இல்லாட்டி நாங்க பின்னால போயிருவோம். அவ மட்டும் நட்ட பயிருக்கு நடுவுல தனியா நிப்பா. வரப்புல நிக்கிற ஆளு பாத்துருவாரு. மறுநாளு அவளைக் கூப்புட மாட்டாரு."

"எங்க வேப்பந்தட்டையில நடவு கெடையாது, பருத்திதான். அவங்கவங்க மடியில எடுத்ததை அவங்கவங்கதான் எடைக்குப் போடணும். எங்கம்மா மடியிலேருந்து ஒரு பிடி எடுத்து என் மடியில போட்டுகிட்டேன். முதுகுல ஒண்ணு வச்சாங்க."

"பெத்த பொண்ணையா?"

"பெத்த பொண்ணுன்னுதான் ஒண்ணோட விட்டாங்க." ஜெயசித்ரா சிரித்தாள். "சின்னம்மாக்கா உனக்குச் சொந்தமா?"

"இல்லைங்க, ஒரே தெரு. எங்கம்மா வூடு ஆண்டிமடம், முந்திரிக்காடு. கல்யாணமாயி வந்தப்ப எனக்கு நாத்தைக் கையில புடிக்கக்கூடத் தெரியாது. ஒரு போகம் பூரா என் பங்கையும் சேத்து நட்டது அக்காதான். வெளிய ஒரு வார்த்தை சொல்லலை."

"அப்புறம் எப்பக் கத்துகிட்டே?"

"ஒரு நாளு அக்காவுக்குக் காய்ச்சல், வரலை. பக்கத்துல நின்னவ வெளியூரு, கை குடுக்கலை. நடுவுல மாட்டிகிட்டு அழுதுகிட்டே நட்டேன். மறுநாளு கொஞ்சம் வந்துச்சு. அந்த வாரத்துலேயே கை ஓடிருச்சு."

"அன்னிக்கு அக்கா வந்திருந்தா?"

வேணி டம்ளரைக் கீழே வைத்தாள்.

வேறு யாராவதாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு பிரசங்கமே நடத்தியிருப்பார்கள். ஜெயசித்ரா எழுந்து வடை வாங்கப் போய்விட்டாள். அவள் திரும்பி வருவதற்குள் வேணி எல்லாவற்றையும் தனக்குத் தானே சொல்லி முடித்திருந்தாள்.

"ரெண்டு வருசம் நான் அக்காவைக் கத்துக்கவே விடலை," என்றாள்.

"நல்ல மனசுல பண்ணே. நாளைலேருந்து நீ கடைசி மெஷினுக்குப் போ. அக்கா ஒண்ணாவதுலயே இருக்கட்டும். யாரும் யாரு தட்டுலேயும் கை வைக்க வேணாம்னு எல்லார்ட்டயும் சொல்லப்போறேன்."

"அக்கா நம்பர் விழுந்துருமே."

"விழும். மூணு வாரம் இருக்கு."

"வேலை போயிருச்சுன்னா?"

"போச்சுன்னா என்னைக் கேளு. நான் எங்கேயும் ஓடிப்போக மாட்டேன். ஆனா நீ இப்படியே கை குடுத்துகிட்டு இருந்தேன்னா, இருபத்திமூணாந்தேதி சார் பக்கத்துல நிக்கிறப்ப எப்படிக் குடுப்பே?"

மறுநாள் சின்னம்மாளின் டேப்பில் இருபத்தொன்று விழுந்தது. கோபத்தில் இருந்ததால் வழக்கமான இருபத்தைந்துகூட வரவில்லை. கடைசி மெஷினில் வேணிக்கு ஐம்பத்திரண்டு. அந்த எண் பச்சையாக மின்னியபோது அவளுக்கு ஒரு சந்தோஷம் வந்தது. வந்த வேகத்தில் அதற்காக வெட்கமும் வந்தது.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் சின்னம்மாள் தன் பக்கத்து இருக்கையில் சாப்பாட்டுப் பையை வைத்திருந்தாள்.

"அக்கா, பையை எடுங்க."

"இங்க ஆளு வருது."

"யாரு?"

"யாரோ வராங்க. அம்பத்திரண்டு தைக்கிறவங்கள்லாம் முன்னால போய் டிரைவர் பக்கத்துல உக்காருங்கம்மா. எங்க மாதிரி ஆளுங்க கூட உக்காந்தா கை மந்தமாயிரும்."

பஸ்ஸில் நாலைந்து பேர் சிரித்தார்கள். வேணி தா.பழூர் வரை நின்றுகொண்டே வந்தாள். அதற்குப் பிறகு சின்னம்மாள் அவளோடு பேசவில்லை. தெருக்குழாயடியில் எதிரெதிரே குடத்தோடு நின்றால்கூடக் குடத்தைத்தான் பார்த்தாள்.

மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரம். மெஷின்கள் ஓய்ந்திருந்தன. கை கழுவிவிட்டு வந்த வேணி, ஜெயசித்ரா முதல் மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் குந்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். சின்னம்மாள் ஒரு துண்டுத் தோலைத் தைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். ஜெயசித்ரா கையைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நேர்த் தையல்ல கால் நல்லா அழுத்துது. வளைவு வந்ததும் பெடலை வுட்டுத் தூக்கிடுறீங்க. ஒவ்வொரு வளைவுக்கும் நாலு தடவை."

"அப்படியா தூக்குறேன்?"

"பயமா இருக்கா?"

"எனக்கென்ன பயம்? பாம்பை அடிச்சவ நான்."

"எனக்கு ஆறு மாசம் இருந்துச்சு. ஊசி விரல்ல ஏறிடும்னு."

சின்னம்மாள் தோலை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு இடது கை ஆள்காட்டி விரலை நீட்டினாள். நகத்தின் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு.

"வந்த மொத வாரம். ஏறிடுச்சு. கதவிடுக்குல நசுங்கிடுச்சுன்னு சொல்லிட்டேன்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா வூட்டுக்குப் போன்னு சொல்லிட்டா?"

வேணி தூணுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டாள். இரண்டு வருஷம் அந்தக் கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். தட்டிலிருந்து எடுத்திருக்கிறாள், தட்டில் வைத்திருக்கிறாள். ஒரு நாள்கூட அந்த நகத்தைப் பார்க்கவில்லை. கம்பெனிக்கு வந்து ஒன்றரை மாதமே ஆன ஜெயசித்ரா தரையில் உட்கார்ந்து கண்டுபிடித்துவிட்டாள்.

அன்றிலிருந்து தினம் அரை மணி நேரம் சின்னம்மாளுக்குப் பயிற்சி. நூலைக் கழற்றிவிட்டு வெறும் ஊசியால் காகிதத்தில் கோட்டின் மேலேயே ஓட்ட வேண்டும். ஜெயசித்ரா கோடு போட்ட நோட்டுத் தாள்களைக் கொடுத்தாள். நேர்க்கோடு எறும்பு வரிசையாகப் போனது. பேனாவால் வளைவு போட்டுக் கொடுத்தால் மட்டும் கால் எழும்பிவிட்டது.

"ஒரே மாதிரி வளைவு போட்டுப் போட்டு என் கையே வலிக்குது," என்று ஜெயசித்ரா வேணியிடம் சொன்னாள். "அவங்களுக்கும் சலிப்பாயிருச்சு."

மறுநாள் காலை வேணி வீட்டுச் சுவரில் தினசரி காலண்டரைக் கிழித்தாள். ஏழு போய் எட்டு வந்தது. உள்ளங்கை அளவுக்குப் பெரிய எட்டு. விரல் தானாக அதன் மேல் ஓடியது. மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு, எங்கேயும் நிற்க இடமில்லை.

அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கவுஸ் பாயின் நோட்டுக் கடைக்குப் போனாள்.

"பாய், போன வருசக் காலண்டர் விக்காம கெடக்குதா?"

"கெடக்குது. போன வருசத்தை வச்சு என்னம்மா பண்ணப்போறே?"

"எட்டாந்தேதி வேணும்."

"எட்டாந்தேதி என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலை பாய். பதினெட்டு, இருபத்தெட்டு இருந்தாலும் பரவாயில்ல. மூணு, ஆறு, ஒம்பதும் குடுங்க."

கவுஸ் பாய் கண்ணாடியைக் கழற்றி அவளை ஒரு தரம் பார்த்தார். பிறகு நாலு காலண்டர்களைத் தூசு தட்டிக் கொடுத்தார். "காசு வேணாம். உடம்பைப் பாத்துக்கம்மா," என்றார்.

தாள்களைப் பிரித்து அடுக்கிக் காலையில் ஜெயசித்ராவிடம் நீட்டினாள் வேணி. ஜெயசித்ரா மேல் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதை யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலைங்கக்கா. சுவத்துல பாத்தேன். மூணுல ஆரம்பிச்சு, அப்புறம் ஆறு, ஒம்பது. எட்டு கடைசியா. என் பேரைச் சொல்லிடாதீங்க. நான் குடுத்தேன்னா தொட மாட்டாங்க."

"சின்னம்மாக்காகிட்ட சொல்லலை. சார்கிட்ட சொல்லாம இருக்க மாட்டேன்."

அவள் சொன்னபடிதான் செய்தாள். கடைசி மெஷின் குருமூர்த்தியின் அறை வாசலை ஒட்டி இருந்ததால் உள்ளே பேசுவது வேணிக்குக் கேட்கும். இரண்டு நாள் கழித்து அவர் குரல் உயர்ந்தது.

"ஒண்ணாவது மெஷின் தினம் அரை மணி நேரம் சும்மா நிக்குது. லைன் மொத்தமும் விழுதும்மா."

"என் பேருல எழுதிக்குங்க சார்."

"ஒருத்தருக்காகவா?"

"நாப்பது பேரு வரப்போறாங்க சார். அதுல பத்துப் பேருக்காவது மெஷினைப் பாத்தா இதே பயம் இருக்கும். இவங்களை வச்சு நாம கத்துக்கலைன்னா அந்தப் பத்துப் பேரையும் ஒரே மாசத்துல அனுப்பிட்டு வேற பத்துப் பேரைத் தேடுவோம்."

"முன்னாடியெல்லாம் முப்பத்தெட்டு வந்துச்சே."

"அப்பவும் இருபத்தஞ்சுதான் சார். இப்பத்தான் கண்ணுக்குத் தெரியுது. தெரிஞ்சாத்தானே சரி பண்ண முடியும்."

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அது என்ன, காலண்டரை ஓட்டை போடுறாங்களாமே?"

"அது என் யோசனை இல்ல சார். வேணியோடது. பன்னெண்டாவது மெஷின்."

வேணியின் ஊசி ஒரு நொடி நின்றது. அவள் வேலை செய்த எந்த இடத்திலும் மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர் பேரை இப்படி, அதுவும் ஆள் இல்லாத இடத்தில், சொல்லிக் கேட்டதில்லை.

முதல் மெஷினில் காகிதங்கள் ஓடின. சின்னம்மாள் சும்மா ஓட்டுகிறவள் இல்லை. புலம்பிக்கொண்டே ஓட்டினாள்.

"இது என்னம்மா, ராகுகாலம், எமகண்டம், அமாவாசை எல்லாத்தையும் குத்திக் கிழிக்கிறேன். ஆகுமா?"

"போன வருச ராகுகாலம்தானே அக்கா, அதெல்லாம் முடிஞ்சுபோச்சு."

"மூணு நல்லாத்தான் வருது. இந்த எட்டுப் பய இருக்கானே, வயித்துகிட்ட வந்து காலை வாருறான்."

சின்னம்மாளின் டேப்பில் இருபத்துமூன்று, இருபத்தாறு, நடுவில் ஒரு நாள் இருபத்துநான்கு. அன்று சின்னம்மாள் சாப்பிடவில்லை. ஜெயசித்ரா தன் டப்பாவைத் திறந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தான் பெரம்பலூர்ப் பக்கம் முதலில் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரே நாளில் நாற்பது தோலைக் கெடுத்து, கழிப்பறையில் ஒளிந்துகொண்ட கதையைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் சின்னம்மாள் அவள் டப்பாவிலிருந்து பாதியைச் சாப்பிட்டிருந்தாள். இருபதாம் தேதி இருபத்தொன்பது வந்தது.

இருபத்துமூன்றாம் தேதி. மூன்றாவது லைனில் நாலைந்து பேராகத் தைக்கவைத்துக் குருமூர்த்தி பக்கத்தில் நின்றார். நாற்பத்தொன்று, முப்பத்தாறு, நாற்பத்துநான்கு. ஒரு மாதத்துக்கு முன்பு ஒரே எண்ணாக இருந்தவர்கள் இப்போது ஆளுக்கொரு எண்ணாக நின்றார்கள். வேணி ஐம்பத்துநான்கு தைத்தாள்.

கடைசியாக, தனியாகச் சின்னம்மாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். வெறுங்காலைப் பெடலில் வைத்தாள். வேணி தன் இடத்தில் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள்.

முதல் கால் மணியில் ஏழு. அரை மணியில் பதினைந்து. பரவாயில்லை என்று வேணி மூச்சு விட்ட நேரத்தில் நூல் அறுந்தது. இதற்கு முன்னால் நூல் அறுந்தால் சின்னம்மாள் கோக்க மாட்டாள். "வேணி" என்று ஒரு சத்தம் கொடுப்பாள், அவ்வளவுதான். இப்போது அவள் தலை நிமிர்ந்தது. கண்கள் லைனின் கடைசிவரை வந்து வேணியைத் தொட்டன. வேணி அசையவில்லை. அவள் வாழ்க்கையில் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான்.

சின்னம்மாள் நூல் நுனியை நாக்கில் நனைத்தாள். முதல் தடவை ஊசியில் நுழையவில்லை. இரண்டாவது தடவை நுழைந்தது. மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தபோது ஜெயசித்ரா சின்னம்மாளின் முகத்தைப் பார்க்கவில்லை. தரையில், அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வளைவுக்கு வளைவு அந்தக் கால் பெடலிலேயே இருந்தது.

மணி அடித்தது. முப்பத்திரண்டு.

குருமூர்த்தி ஒவ்வொன்றாக எடுத்து வளைவில் விரலை ஓட்டிப் பார்த்தார். ஒன்றைத் தனியாக வைத்தார். "இது கோணல். முப்பத்தொண்ணு," என்றார்.

"அந்தக் கோணல் நூல் அறுந்தப்ப வந்தது சார்," என்றாள் சின்னம்மாள்.

"இருக்கட்டும்மா. முப்பத்தொண்ணும் நல்லாருக்கு." அவர் மற்ற எல்லாரையும் பார்த்தார். "காலண்டர் வேணி யாரு?"

வேணி எழுந்து நின்றாள்.

"வேகமாத் தைக்கிறவங்க மத்த லைன்லேயும் இருக்காங்க. அடுத்தவங்க எந்த எடத்துல தடுக்குறாங்கன்னு பாக்குற ஆளு வேணும்னு உங்க சூப்பர்வைசர் மூணு வாரமா என் காதுல ஓதுறாங்க. திங்கக்கெழமை புதுக் கட்டடத்துக்குப் போயிருங்க."

வேணி ஜெயசித்ராவைத் தேடினாள். அவள் குனிந்து மெஷினுக்கு அடியில் கிடந்த எட்டாந்தேதித் தாள்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "புது லைனுக்கு ஆகும்," என்றாள்.

சாயங்காலம் பஸ்ஸில் வேணி வழக்கம்போல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்னம்மாள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உக்காரு. கம்பி தேயுது."

வேணி உட்கார்ந்தாள். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் சின்னம்மாள் ஆரம்பித்தாள்.

"கவுஸ் பாய் கடையில போய் எட்டாந்தேதி வேணும்னு கேட்டியாம். பாய் வூட்டம்மா என்னைக் கூப்புட்டு, அந்தப் பொண்ணு நல்லாத்தானே இருக்குன்னு விசாரிக்குது."

"எப்பக்கா?"

"நீ கேட்டதுக்கு மூணாம் நாளு."

"அப்பவே தெரியுமா? அப்ப ஏன் எங்கூடப் பேசலை?"

"மொத ரெண்டு நாளு கோவம். அப்புறம் பயம். பேசுனா, ஒரு நாளைக்குக் கை குடுடின்னு கேட்டுருவேன். நீயும் குடுத்துருவே."

வேணி சிரித்தாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

"ஜெயசித்ராக்கா சொன்னது சரிதாங்கக்கா. நானும் அப்படித்தானே நடவு கத்துகிட்டேன். அன்னிக்கு உங்களுக்குக் காய்ச்சல் வரலைன்னா..."

"யாருக்குக் காய்ச்சல்?"

"உங்களுக்குத்தான்."

"காய்ச்சல்னு சொல்லி அனுப்புனேன். எனக்கு ஒரு தும்மல்கூட இல்ல. கொளத்துல துணி தொவச்சுகிட்டு இருந்தேன்."

வேணி அவளையே பார்த்தாள். சின்னம்மாள் ஜன்னலுக்கு வெளியே, தண்ணீர் கட்டியிருந்த வயல்களைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நானே பண்ணுன வேலைதான். எனக்குன்னு வந்தப்ப எனக்கே புரியலை பாரு. அந்த ஜெயசித்ராப் பொண்ணு பருத்திக்காட்டுலேருந்து வந்தது, வரப்புல ஏறி எறங்குனதுகூட இருக்காது. அதுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னுதான் மூணு வாரமா யோசிக்கிறேன்."

தா.பழூர் வந்தது. இறங்கும்போது வேணி பின்னாலிருந்து கேட்டாள்.

"திங்கக்கெழமை நாப்பது பேரு வராங்கக்கா. அதுல யாராவது அழுதா, கையைக் கட்டிகிட்டு நிக்க முடியுமான்னு தெரியலை."

"முடியாதுதான்," என்றாள் சின்னம்மாள். "அன்னிக்கு நான் கொளத்துலேருந்து மூணு தடவை வரப்புக்கு வந்துட்டுப் போனேன்."